ஈர நெல்லும் இரண்டாம் நிலைத் தேர்வும்

ஹனோயில் வகுப்பு காலை எட்டு மணிக்குத் தொடங்கும். அப்போது வலங்கைமான் பக்கம் ஆறரை. அரசின் நெல் கொள்முதல் நிலையத்துக்கு முன்னால், எங்கள் நெல் குவியலின் சரிவில் தார்ப்பாயை விரித்து, முதுகுக்கு இரண்டு காலிச் சாக்கை மடித்து வைத்துக்கொண்டு, காதில் ஒயரைச் செருகியபடி நான் வியட்நாமிய மொழி வகுப்பில் இருந்தேன். இருந்தேன் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. என்னோடு படித்த லாவோஸ்காரர் தன் கைப்பேசியைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்து எனக்கு வகுப்பைக் காட்டிக்கொண்டிருந்தார். ஆசிரியைக்குத் தெரியும். அவர் கண்டுகொள்ளவில்லை. ஆனால் வருகைப் பதிவில் அது சேராது.

அந்த மொழியில் ஓர் அசையை ஆறு விதமாக இழுக்கலாம். ஆறுக்கும் ஆறு பொருள். எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது நானும் சொன்னேன். மா. மாஆ. ம்மா.

பக்கத்துக் குவியல்காரர் தன் தார்ப்பாயை விலக்கிவிட்டுப் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும். பக்கத்து ஊர்க்காரர், குத்தகைக்குப் பயிர் வைப்பவர். எனக்கும் முன்னாலிருந்தே அங்கே காத்துக் கிடக்கிறார்.

"என்ன தம்பி, மாடு எதுவும் காணாப் போயிடுச்சா?"

"இல்லண்ணே. பாடம்."

"அதான் பாத்தேன். கூப்புடுற கூப்புக்கு நாலு மாடு வந்திருக்கணுமே."

எனக்கு அப்போது முப்பத்து நாலு வயது. தஞ்சாவூரில் ஒரு தமிழ் நாளிதழின் பதிப்பில் பத்து வருடத்துக்கும் மேலாகச் செய்தி திருத்தும் வேலை. தமிழ்நாட்டுக்கு வியட்நாமிலிருந்து ஆலைகள் வரப்போகின்றன என்ற செய்திகள் அடிக்கடி என் மேசைக்கு வந்தன. ஒவ்வொன்றிலும் ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் இருக்கும். எது சரி என்று கேட்க ஒருவரும் இல்லை. அந்த மொழி தெரிந்த தமிழர் அனேகமாக யாரும் இல்லை என்றால், தெரிந்துகொள்ளும் முதல் சிலரில் ஒருவனாக இருக்கலாமே என்று தோன்றியது. விண்ணப்பித்தேன். உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. வேலையை விட்டேன். வீட்டில் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதற்கு அப்பா கேட்ட ஒரே கேள்வி போதும்: "அங்கயும் நெல்லுதான போடுறான், அதைப் பாக்க நீ ஏன் அவ்வளவு தூரம் போவணும்?"

ஹனோய் எனக்கு விடுதலையாக இருந்தது என்று எழுத ஆசைதான். உண்மையில் முதல் குளிர்காலத்தில் நான் விடுதி அறைக்கும் வகுப்பறைக்கும் நடுவே அடைபட்டுக் கிடந்தேன். வெயில் என்று ஒன்று வாரக்கணக்கில் வராது. மழையும் இல்லாமல் பனியும் இல்லாமல் ஒரு நசநசப்பு காற்றில் தொங்கும். துவைத்த சட்டை காயாது. உலர்த்தி வைத்த புத்தகப் பையில் பூஞ்சணம் பூக்கும். என் அறையில் இன்னொருவர் கொரியர். அவருக்கும் எனக்கும் பொதுவான மொழி நாங்கள் இருவரும் அரைகுறையாகக் கற்றுக்கொண்டிருந்த வியட்நாமியம் மட்டும். ஆகவே எங்கள் உரையாடல்கள் எல்லாம் பாடப்புத்தகத்தின் முதல் பத்துப் பாடங்களுக்குள் நடந்தன. அவருக்கு அவர் அம்மாவின் உடல்நிலை பற்றிக் கவலை இருந்தது. ஆனால் எங்களிடம் இருந்த சொற்கள் தபால் நிலையத்துக்கு வழி கேட்கவும் பழத்துக்கு விலை பேசவும்தான். நாங்கள் மாறி மாறிப் பழத்துக்கு விலை பேசிக்கொண்டோம்.

பத்து வருடம் மற்றவர்களின் வாக்கியத்தைத் திருத்தியவன், ஒரு முட்டை வாங்க மூன்று முறை வாயைத் திறக்க வேண்டியிருந்தது. விடுதிக்கு எதிரே கஞ்சி விற்ற அம்மாள் முதல் நாளே என் வயதைக் கேட்டார். அங்கே வயது தெரியாமல் ஒருவரை ஒருவர் கூப்பிட முடியாது. தம்பியா, அண்ணனா, சின்ன மாமாவா என்று முடிவாக வேண்டும். அது எனக்குப் பழகிய விஷயம்தான். வயதைச் சொன்னதும் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கல்யாணம் ஆகிவிட்டதா என்றார். இல்லை என்றேன். அதன் பிறகு கஞ்சியில் எனக்கு மட்டும் கூடுதலாக வெங்காயத்தாள் விழுந்தது. பரிதாபமா பிரியமா என்று கேட்க எனக்குச் சொல் இல்லை.

பண்பாட்டு வகுப்பில் ஒருநாள் சோறு பற்றிய பாடம். வயலில் நிற்பதற்கு ஒரு சொல், அறுத்த மணிக்கு ஒன்று, உமி நீக்கியதற்கு ஒன்று, வெந்ததற்கு ஒன்று என்று ஆசிரியை பலகையில் எழுதினார். ஐரோப்பிய மாணவர்கள் தலையைச் சொறிந்தார்கள். நான் பயிர், நெல், அரிசி, சோறு என்று பக்கத்தில் எழுதிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். அந்தப் பருவத்தில் நான் நிம்மதியாக இருந்த வகுப்பு அது ஒன்றுதான்.

தை மாதக் கடைசியில் அவர்களுடைய புத்தாண்டு, டெட். ஊரே மூடிவிடும். விடுதியும் மூடும். கடை, சாப்பாட்டு இடம், பேருந்து எல்லாம் நின்றுவிடும். எல்லோரும் பிறந்த ஊருக்குப் போவார்கள். மூன்றாம் நாள் ஆசிரியர் வீடுகளுக்குப் போய் வணங்குவது வழக்கம். எங்கள் ஆசிரியை வகுப்பையே தன் வீட்டுக்கு அழைத்திருந்தார். நான் அதற்கு இருக்கவில்லை. மூன்று வாரம் விடுமுறை, ஊருக்கு வருகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். திரும்பும் பயணச்சீட்டையும் சேர்த்தே எடுத்துவிட்டேன். விடுமுறை முடிந்து ஒரு வாரத்துக்குள் நேரில் வந்து இரண்டாம் நிலைக்குப் பதிவு செய்யாவிட்டால் இடம் போய்விடும், விசாவும் அதோடு போய்விடும் என்று அலுவலகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

"திரும்ப என்னிக்குப் போவணும்?" என்று அப்பா போனில் கேட்டார். சொன்னேன். அவர் "சரி" என்றார். அதற்குப் பின்னால் ஒரு யோசனை ஓடியது அப்போது எனக்குத் தெரியாது.

ஊர் வந்து சேர்ந்தால் அப்பா கட்டிலில் இருந்தார். வலது காலில் முழங்கால் வரை மாவுக்கட்டு. பொங்கல் முடிந்த வாரம் வாய்க்கால் மதகில் வழுக்கி விழுந்திருக்கிறார்.

"ஏம்மா சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னுட்டாரு. நீ அங்க கவலைப்படுவியாம்," என்றாள் அம்மா. "இங்க வந்து கவலைப்படு, அதான் அவருக்கு வசதி."

"அறுப்பு முடிஞ்சிடுச்சு," என்றார் அப்பா, அந்தப் பேச்சை வெட்டி. "நெல்லு நிலையத்துல கொட்டியாச்சு. நீ போயி ரெண்டு நாள் காவலுக்கு இரு. எடை போட்டுட்டா நீ ஃப்ரீ. ஊரைச் சுத்து, கோயிலுக்குப் போ, என்ன வேணாப் பண்ணு."

குவியலுக்கு எப்போதும் ஓர் ஆள் வேண்டும். மழை வந்தால் மூட வேண்டும், வெயில் வந்தால் திறந்து கிளற வேண்டும், மாடு வந்தால் விரட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முறை வரும்போது ஆள் இல்லாத குவியலைத் தாண்டிப் போய்விடுவார்கள். அப்புறம் மறுபடி கடைசி. அறுவடைக் காலத்தில் கூலிக்கு ஆள் கிடையாது. அம்மா அப்பாவை விட்டு நகர முடியாது. அக்காவைச் சீர்காழிப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறது, அவர்கள் வீட்டிலும் அறுப்பு. ஆக, நான்.

நிலையம் என்பது குடவாசல் போகும் சாலையோரம் ஒரு கான்கிரீட் களம், ஒரு தகரக் கொட்டகை, எடை எந்திரம், தூற்றும் எந்திரம், ஒரு மேசை. மேசையில் பட்டியல் எழுத்தர் இருப்பார். அந்த இடத்துக்கு அவர்தான் எல்லாம். களம் நிறைந்துவிட்டதால் எங்கள் குவியலுக்குச் சாலை விளிம்பில்தான் இடம் கிடைத்திருந்தது. பேருந்து போகும்போதெல்லாம் தார்ப்பாய் மூச்சு விடுவதுபோல் எழும்பி அடங்கும்.

எங்கள் முறை சீக்கிரமே வந்தது. எழுத்தரின் உதவியாளர் குவியலுக்குள் கையை விட்டு ஒரு பிடி நெல் எடுத்து ஈரம் பார்க்கும் கருவியில் போட்டார். பதினேழு சதவீதம் ஈரம் வரை எடுப்பார்கள். எங்களுடையது இருபத்தொன்று.

"காய வைங்க சார்," என்றார், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல். "அடுத்தது யாரு?"

காய வைக்க வெயில் வேண்டும். தைப் பனி காலையில் பத்து மணி வரை விலகவில்லை. மதியம் மேகம். நான் சாலை விளிம்பில் நெல்லைப் பரப்பி, வெறுங்காலால் கோடு கோடாகத் துழாவிக்கொண்டே அந்தக் கடைசிக்கும் இந்தக் கடைசிக்கும் நடந்தேன். சாயங்காலம் கூட்டிக் குவித்து மூட வேண்டும். மறுநாள் மறுபடி பரப்ப வேண்டும். உமியின் சுணை கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் ஏறி அரித்துக்கொண்டே இருந்தது. இரண்டாம் முறை பார்த்தார்கள். பத்தொன்பது.

பக்கத்துக் குவியல்காரரின் நெல் நன்றாகக் காய்ந்திருந்தது. அவர் காத்திருந்தது சாக்குக்காக. சாக்கு வரவில்லை. ஒரு மதியம் தூக்குவாளியைத் திறந்து எனக்குப் பாதி எலுமிச்சைச் சோற்றை மூடியில் வைத்துத் தள்ளினார்.

"உங்க வயலும் எங்க வயலும் ஒரே வாய்க்கால்தான். நாங்கல்லாம் வடியட்டும்னு நின்னோம். மழை பேஞ்சு தண்ணி கெடக்குது, கதிர் ஈரமா நிக்குது, இதுல என்ன அவசரம்? உங்கப்பா கேக்கல. சேத்துல ஓடுற பெல்ட் அறுப்பு மிஷினைக் கொண்டாந்து எறக்கிட்டாரு."

"ஏன்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்கிறேனா என்று யோசித்திருக்க வேண்டும்.

"பையன் வர்றான், இத்தனாம் தேதி பிளேன் ஏறணும், அதுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சு வச்சிடணும்னாரு. கட்டில்ல படுத்துக்கிட்டே போன்ல அதட்டுறாரு மிஷின்காரனை. கதிருக்குள்ள தெளிச்ச உளுந்து முளை விட்டிருந்திச்சு. அதும் பெல்ட்டுல போச்சு." ஊறுகாயை நக்கிக்கொண்டார். "உனக்காவ அறுத்த நெல்லுய்யா இது. அதான் உன்னை விடமாட்டேங்குது."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் சோற்றைத் தின்று முடித்தேன். அதுவரை எனக்கு அப்பா மேல் கோபம் இருந்தது. மழை மேலும் நிலையத்தின் மேலும் இருந்தது. அந்த மதியத்துக்குப் பிறகு கோபப்பட ஆள் இல்லாமல் போய்விட்டது. ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டவனுக்குக் கோபம் ஒரு வேலை. அதையும் எடுத்துவிட்டால் வெறுமனே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அடுத்த நாள் ஒரு நிருபர் வந்தார். இளைஞர், கழுத்தில் அட்டை, நான் வேலை பார்த்த நாளிதழ் அல்ல, வேறொன்று. சாக்குத் தட்டுப்பாடு, நெல் தேக்கம், விவசாயிகள் கவலை. இந்தத் தலைப்பை ஒவ்வொரு வருடமும் இதே வாரத்தில் நான் எழுதியிருக்கிறேன். சொற்களின் வரிசையை மட்டும் மாற்றுவோம்.

"நீங்க விவசாயிங்களா சார்?"

ஆமாம் என்றேன். விளக்குவதற்கு நீளமாக இருந்தது.

"அப்படியே குவியல் மேல உக்காருங்க. கன்னத்துல கை வச்சுக்குங்க. கொஞ்சம் கவலையா பாருங்க."

"தம்பி அவரு மூஞ்சே அப்படித்தான்," என்றார் பக்கத்துக்காரர். "கையை வேற ஏன் வைக்கச் சொல்றீங்க? என்னைப் புடிங்க, நான் நல்லா கவலைப்படுவேன்."

என்னைத்தான் பிடித்தார். மறுநாள் காலை மாவட்டச் செய்திப் பக்கத்தில் கன்னத்தில் கையோடு நான் இருந்தேன். படத்துக்குக் கீழே "கொள்முதலுக்காகக் காத்திருக்கும் விவசாயி". ஊர்ப் பெயரில் ஓர் எழுத்து தவறு. திருத்தக் கை போனது.

செய்தியின் விளைவு உடனே தெரிந்தது. பத்து மணிக்கு ஆய்வுக்கு ஜீப் வருகிறது என்று தகவல் வந்ததும் எழுத்தரும் உதவியாளரும் சுமைதூக்குகிறவர்களும் களத்தைக் கூட்டத் தொடங்கினார்கள். சிந்திக் கிடந்த நெல்லை அள்ளினார்கள். கிழிந்த தார்ப்பாயை மடித்துக் கொட்டகைக்குள் மறைத்தார்கள். ஜீப் மூன்று மணிக்கு வந்து கால் மணி நேரம் நின்றுவிட்டுப் போனது. சாக்கு நாளை வரும் என்று சொன்னார்கள். அன்று முழுக்க ஒருவர் நெல்லும் எடை போடப்படவில்லை. பத்திரிகையின் சக்தி பற்றி ஆண்டுதோறும் எங்கள் அலுவலகத்தில் பேசுவார்கள். அதை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தது அன்றுதான்.

ஹனோயில் விடுமுறை முடிந்துவிட்டிருந்தது. வகுப்பு தொடங்கியிருந்தது. என் பயணச்சீட்டு, திருச்சியிலிருந்து கோலாலம்பூர் வழியாக, அந்த வாரக் கடைசிக்கு. அலுவலகத்துக்கு எழுதினேன். என்ன காரணம் என்று கேட்டார்கள். தந்தைக்குக் கால் முறிவு, நெல் ஈரமாக இருக்கிறது என்று எழுதினேன். இரண்டாவது காரணத்தை எழுதியபோது அது அபத்தமாகத் தெரிந்தது. அங்கே அதை வாசித்தவருக்கு அபத்தமாகத் தெரியவில்லை போலிருக்கிறது. இரண்டாம் நிலைக்கான பேச்சுத் தேர்வை வீடியோவில் முடித்து வெற்றி பெற்றால், நேரில் வர இரண்டு வாரம் கூடுதலாகத் தருகிறோம் என்று பதில் வந்தது; தேர்வுக்கு உட்கார்ந்து அதில் தவறினால், பிறகு நேரில் வந்தாலும் இடம் கிடையாது என்றும் அதிலேயே இருந்தது. அங்கே பிற்பகல் இரண்டு மணி, இங்கே பன்னிரண்டரை. தேர்வுத் தலைப்பு: உங்கள் ஊரில் புத்தாண்டை ஒட்டிய ஒரு வழக்கம்.

தேர்வுக்கு முதல் நாள் வியாபாரியின் லாரி வந்தது. ஈர நெல்லையும் எடுப்பார்கள், விலை இறக்கித்தான். கையால் அள்ளி, மணியைக் கடித்துப் பார்த்து, இப்போதே ஏற்றிக்கொள்கிறேன் என்றார். ஏற்றினால் நான் அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போயிருப்பேன், பயணச்சீட்டு வீணாகாது, தேர்வுகூட வேண்டியதில்லை. அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"வியாபாரி வந்திருக்காருப்பா."

"ம்."

"குடுத்துடலாமா?"

பக்கத்தில் தொலைக்காட்சி ஓடுவது கேட்டது. அம்மா அதன் ஒலியைக் குறைத்தாள்.

"உன் இஷ்டம்," என்றார்.

எங்கள் வீட்டில் உன் இஷ்டம் என்றால் கூடாது என்று பொருள். ஈரத்தில் அறுத்தது ஊருக்குத் தெரியும். வியாபாரிக்குக் கொடுத்தால், மகனுடைய பிளேனுக்காக அவசரப்பட்டு அறுத்து அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார் என்று அடுத்த அறுப்பு வரை பேசுவார்கள். காலில் கட்டோடு கட்டிலில் கிடப்பவருக்கு அந்தப் பேச்சைத் தாண்டிப் போக வழி கிடையாது. நான் விமானத்தில் ஏறிவிடுவேன், அவர் அங்கேயே இருப்பார். வியாபாரியிடம் வேண்டாம் என்றேன். அவர் பக்கத்துக் குவியலைப் பார்த்தார். பக்கத்துக்காரர் "இங்க திரும்பாதீங்க, இதுக்கு அரசாங்க மாப்பிள்ளை பாத்தாச்சு" என்றார்.

தேர்வு நாளில் வெயில் அடித்தது. சில வாரங்களில் முதல் முறையாக, முழுசாக. காலையிலிருந்து நெல்லை நாலு தரம் துழாவியிருந்தேன். சாக்கும் வந்திருந்தது. களத்தில் திடீரென்று வேகம். பழைய முறையை விட்டுவிட்டு, குவியல் கிடந்த வரிசையிலேயே எடுத்துக்கொண்டு வந்தார்கள்; எங்களுக்கு முன்னால் இன்னும் நாலைந்து குவியல் இருந்தன, பக்கத்துக்காரருடையது எங்களுக்கு அடுத்தது. மூன்று மணிக்கு மேல்தான் வரும் என்று உதவியாளரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். கொட்டகைக்குப் பின்னால் வேலிக்கருவை நிழலில், கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் கூடையில் உட்கார்ந்து, கைப்பேசியை இன்னொரு கூடையில் நிறுத்தினேன்.

தேர்வு எடுத்தவர் எங்கள் ஆசிரியை அல்ல; மூத்த பேராசிரியை, நரைத்த முடி, கழுத்தில் சிவப்புத் துண்டு. அங்கே இன்னும் குளிர். ஆசிரியையை அழைக்கும் மரியாதைச் சொல்லான 'கோ'வைச் சொல்லிக் கூப்பிட்டு வணக்கம் சொன்னேன். அறுவடையான புது நெல்லைக் குத்தி அரிசியாக்கி வாசலில் பொங்கல் வைப்பது பற்றிப் பேசத் தொடங்கினேன். வந்தது. ஆச்சரியமாக, வாக்கியங்கள் வந்தன. தொனிகள்கூடப் பெரும்பாலும் சரியாக விழுந்தன. அவர் ஓரிடத்தில் மட்டும் புருவத்தைத் தூக்கினார். நாலு மாதத்தில் நான் அவ்வளவு நேரம் தடையில்லாமல் அந்த மொழியில் பேசியதில்லை. மாட்டுப் பொங்கலுக்கு வந்துகொண்டிருந்தேன்.

"தம்பி!"

பக்கத்துக்காரர் கொட்டகை முனையில் நின்றார்.

"முன்னாடி உள்ளது எல்லாம் ஈரம்னு தள்ளிட்டாங்க. உன்னுதைப் பாக்குறாங்க. நீ பேசு, நான் நிக்கிறேன்."

கையைக் காட்டினேன். பேசினேன். மாட்டுக்குக் கொம்பில் வண்ணம் பூசுவது. கொம்பு என்பதற்கான சொல் நழுவியது. தலையில் இருப்பது என்று சுற்றி வளைத்தேன். பேராசிரியை சிரித்துவிட்டு அந்தச் சொல்லைத் தந்தார்.

பக்கத்துக்காரர் மறுபடி வந்தார். இந்த முறை கிட்ட வந்து, குரலைத் தாழ்த்தி.

"பதினெட்டுங்கிறான். மறு சாம்பிள் எடுன்னா, நெல்லுக்காரன் வந்து நிக்கணுங்கிறான். நான் சொன்னா எடுபடல தம்பி. தள்ளி வைக்கப் போறான்."

தள்ளி வைத்தால் கடைசி. மேற்கே மேகம் கட்டத் தொடங்கியிருந்தது. இன்றைக்குப் போகாவிட்டால் ஒரு மழையில் மறுபடி இருபத்தொன்று.

பேராசிரியையிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒரு நிமிடம், என் நெல்லை அளக்கிறார்கள் என்று சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். தேர்வு நேரம் இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது, தொடர்ந்து பேசினால் முடித்துவிடலாம் என்றார். கனிவாகத்தான் சொன்னார். சரியாகவும் சொன்னார். நான் எழுந்து போனேன்.

உதவியாளர் கருவியை ஏற்கெனவே துடைத்துக்கொண்டிருந்தார். "வெயில் படாத பக்கம் எடுத்திருக்கீங்க," என்றேன். "எந்தப் பக்கமும் ஒரே குவியல்தானே சார்." தெற்குச் சரிவில் முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் என்னைப் பார்த்தார். செய்தித்தாளில் வந்த முகம் என்று அடையாளம் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். "எடுய்யா, இன்னொண்ணு எடு," என்றார். அவரே தேர்ந்த இடத்தில் எடுத்தார்கள், என் பிடியை அல்ல. எண் ஏறி இறங்கி நின்றது. பதினேழு.

"கூடையைக் கொண்டா," என்று யாரோ கத்தினார்கள். தூற்றும் எந்திரம் ஓடியது. அப்புறம் நகர முடியாது. ஒவ்வொரு சாக்கு நிரம்பும்போதும் தராசைப் பார்க்க ஓர் ஆள் நிற்க வேண்டும், அது நெல்லுக்குச் சொந்தக்காரனாக இருக்க வேண்டும். நின்றேன். தூசியில் கண் எரிந்தது. வேலிக்கருவைக்குப் பின்னால் ஒரு முறை ஓடிப்போய்ப் பார்த்தேன். திரை அணைந்திருந்தது.

கடைசிச் சாக்கைத் தைக்கும்போது மின்னஞ்சல் வந்தது. தேர்வு நிறைவு பெறவில்லை. இடத்தை வைத்திருக்க இயலாது. அடுத்த சேர்க்கை செப்டம்பரில். முதல் நிலைச் சான்றிதழ் செல்லும். கீழே தனியாக ஒரு வரி, அந்தப் பேராசிரியை எழுதியது: உங்கள் நெல் எடுத்துக்கொள்ளப்பட்டதா?

எடுத்துக்கொள்ளப்பட்டது என்று பதில் போட்டேன். அந்த வினைச்சொல் தெரிந்திருந்தது.

பக்கத்துக்காரருடைய நெல்லை ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். அவர் தலைத்துண்டை உதறிக்கொண்டு வந்தார்.

"பரீட்சை என்னாச்சு?"

"போச்சுண்ணே."

என் சட்டையில் ஒட்டியிருந்த பதரைத் தட்டிவிட்டார். அப்புறம் அவருடைய தராசைப் பார்க்கப் போய்விட்டார்.

வீட்டில் அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எடை போட்ட ரசீதை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்தார். அம்மா குளிக்க வெந்நீர் வைத்திருந்தாள். சுணைக்கு வெந்நீர் ஆகாது, பச்சைத் தண்ணீர்தான் என்று அவரே அவளைத் திருத்தினார். பிறகு ரசீதை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தார்.

"இன்னிக்குப் பரீட்சைன்னியே."

"பாதியில விட்டுட்டேன்."

"ஏன்?"

"மறு சாம்பிளுக்கு ஆள் நிக்கணும்னாங்க."

அவர் காலைக் கொஞ்சம் நகர்த்தினார். வலித்திருக்க வேண்டும், முகம் சுருங்கியது.

"திரும்ப வைக்க மாட்டாங்களா?"

"இப்ப இல்ல. இனிமே புரட்டாசி வாக்குலதான்."

"புரட்டாசியா?" என்றாள் அம்மா வாசற்படியிலிருந்து. "அது குறுவை அறுப்பாச்சே."

தெருவில் நெல் ஏற்றிய டிராக்டர் ஒன்று போய், அதன் சத்தம் முனை திரும்பும் வரை கேட்டுக்கொண்டிருந்தது. அந்த அறையில் எனக்கு முன்னால் இருந்த ஏழு மாதத்தை நான் ஒவ்வொரு சாமானாகப் பார்த்தேன்: கட்டில், மாத்திரை டப்பா, மூலையில் சாத்திய மண்வெட்டி, என் பெட்டி, அதன் கைப்பிடியில் இன்னும் கிழிக்காத விமான நிலையச் சீட்டு.

"குறுவையைக் காய விட்டுத்தான் அறுப்பேன்," என்றார் அப்பா, சுவரைப் பார்த்து. "நீ இங்க இருந்தாலும் சரி, பிளேன்ல இருந்தாலும் சரி. தேதி எதுவும் என்கிட்ட சொல்லாதே."

சரி என்றேன். குளித்துவிட்டு வந்து, வாரக் கடைசிப் பயணத்தை ரத்து செய்தேன்.